கேட்டிட்டுச் சொல்லுறன்

அவர் முதல் தடவை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது ஒரு புகைப்படம் கொண்டுவந்திருந்தார். பனியில் ஐந்தாறு சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள். எல்லார் கையிலும் அவர் தயாரித்த கம்பளிக் கையுறை. படத்தின் வலது ஓரம் மட்டும் கத்தரிக்கோலால் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. விளம்பரப் படத்தை யாராவது இப்படி வெட்டுவார்களா என்று கேட்டேன்.

"அதிலை இன்னொரு பிள்ளை நிண்டது," என்றார். "தாய் தகப்பன் ஓமெண்டவை. பிள்ளை வேண்டாமெண்டிட்டுது."

"என்ன வயசு அந்தப் பிள்ளைக்கு?"

"மூண்டு."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளை வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மதுரைக்காரி. கணவரின் வேலையோடு ஒஸ்லோவுக்கு வந்து, வணிகச் சின்னங்களைப் பதிவுசெய்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். சீனா சம்பந்தமான கோப்புகள் என் பங்குக்கு வரும். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதினைந்து வயதில் நோர்வே வந்து, பல வருடம் இங்கே குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவர். குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் இருபது பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிவிட்டு, அவர்கள் அதைக் கழற்றி எறிவதையும் பொறுக்கிக்கொண்டிருந்தவர். அந்தச் சலிப்பிலேயே, பிள்ளை தானாகப் போட்டுக்கொள்ளக்கூடிய, ஆனால் சுலபமாகக் கழற்றி எறிய முடியாத ஒரு நீளக் கையுறையை வடிவமைத்தார். 'சிட்டு' என்று பெயர் வைத்தார். முழங்கைக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் சிட்டுக்குருவி ஒன்று தைத்திருக்கும். ஒஸ்லோவை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் ஒரு சின்னக் கிட்டங்கி, வேலைக்கு இரண்டு பெண்கள், சீனாவில் தைத்துத்தர ஒரு தொழிற்சாலை. அவ்வளவுதான் அவருடைய நிறுவனம்.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அதற்கு முன்னால், அப்படிக் கூப்பிடலாமா என்று கேட்டிருக்க வேண்டுமோ என்று எனக்கே ஒரு தயக்கம் வந்தது. அவரோடு பழகினால் அப்படித்தான் ஆகிவிடும். எதை எடுத்தாலும் "கேட்டிட்டுச் சொல்லுறன்" என்பார். கடை ஒன்றின் பெயரை எங்கள் இணையப் பக்கத்தில் போடலாமா என்றால், கடைக்காரரைக் கேட்டிட்டுச் சொல்லுறன். அவருடைய மகளின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள் என்றால், மகளைக் கேட்டிட்டுச் சொல்லுறன். இதில் அவர் பெயரை நான் எழுதாமல் விடுவதும் அதனால்தான். நான் கேட்கவில்லை.

அவர் அந்த முதல் நாளில் வந்த காரணம் இதுதான். குளிர்காலத்துக்கான கையுறைப் பெட்டிகள் முழுவதையும் சீனத் துறைமுகத்திலேயே சுங்கம் பிடித்துவைத்துவிட்டது. 'சிட்டு' என்ற பெயரும் அந்தக் குருவிப் படமும் அங்கே வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தன. அந்த ஆள் சுங்கத்திலும் அவற்றைப் பதிந்துவைத்திருந்தார். ஆகவே தன் சொந்தக் கையுறையை வெளியே அனுப்பிய குற்றத்துக்கு, சட்டத்தின் கண்ணில், அக்காதான் கள்ளச் சரக்குக்காரி.

"நான் அங்கை ஒண்டும் விக்கேல்லையே," என்றார். "தைக்கத்தானே குடுத்தனான்."

ஒரு காலத்தில் அது நல்ல பதிலாக இருந்தது. ஏற்றுமதிக்காக மட்டும் தைக்கும் பொருள் சீனாவில் யாரையும் ஏமாற்றுவதில்லை, அதனால் அது மீறல் ஆகாது என்று அங்கே பல நீதிமன்றங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. பிறகு உச்ச நீதிமன்றம், அப்படி ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட முடியாது என்று திருத்திவிட்டது. அங்கே முதலில் விண்ணப்பித்தவருக்கே பெயர் சொந்தம். அக்கா நோர்வேயில் பதிந்திருந்தார், ஐரோப்பாவில் பதிந்திருந்தார். சீனாவில் பதியவில்லை.

நான் இதையெல்லாம் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஆள் என்னை ஒருக்காலும் கேக்கேல்லை. அதுக்குச் சட்டத்திலை ஒண்டும் இல்லையோ?"

இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு சட்டத்தைத் திருத்தி, பயன்படுத்தும் எண்ணம் இல்லாமல் கெட்ட நோக்கத்தோடு பெயர்களைப் பிடித்துவைப்பவர்களைத் தடுக்க வழி செய்திருந்தார்கள். பிறர் பெயர்களை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்து விற்பவர்களுக்கு அது நல்ல அடி. ஆனால் இந்த ஆள் குவிக்கவில்லை. ஒரு பெயர், ஒரு படம், கையுறைக்கான ஒரே வகுப்பு. பார்த்தால் ஒழுங்கான வியாபாரி போலவே இருந்தார். போதாததற்குப் பெயரை விற்கத் தயார் என்று பணிவாக ஒரு மின்னஞ்சலும் போட்டிருந்தார். என் மேலாளர், நல்ல அனுபவமுள்ள நோர்வேஜியர், வாங்கிவிடுவதுதான் விரைவு என்று சொன்னார். அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"அந்த ஆள் முதல்லயே உங்களைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க அக்கா?" என்று பிறகு லிப்டில் இறங்கும்போது கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "ஏன் வேணுமெண்டு கேட்டிருப்பன்."

பதிவை ரத்து செய்யக் கோரி மனுப் போட்டோம். மனுப் போட்டபின் மேலதிகச் சாட்சியங்களைக் கொடுக்க மூன்று மாத அவகாசம் உண்டு. அதற்குள் அந்த ஆளுக்கு 'சிட்டு' எங்கிருந்து தெரிந்தது என்பதைக் காட்ட வேண்டும். பெய்ஜிங்கில் எங்களுக்காக வேலை செய்த பெண் வழக்கறிஞர் முதல் காணொளிச் சந்திப்பிலேயே நேராக விஷயத்துக்கு வந்தார். வியாபார உறவு மூலம் ஒரு சின்னத்தைத் தெரிந்துகொண்டவர் அதைத் தன் பெயரில் பதிய முடியாது என்று அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. அந்த ஆளுக்கும் உங்கள் தொழிற்சாலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டார்.

அக்கா தமிழில் என்னிடம் சொன்னார். "இருக்கு. முதலாளியின்ரை மனிசியின்ரை தம்பி."

எனக்கு இருக்கையில் இருக்க முடியவில்லை. கோப்பே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முதலாளி மனைவியின் தம்பி என்று ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். வழக்கறிஞர் உடனே பேனாவை எடுத்தார். யார் சொன்னது, அவரிடமிருந்து ஒரு வாக்குமூலம் வாங்க முடியுமா?

நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

"யாருன்னு கேக்கறாங்க அக்கா."

"விளங்குது. சொல்லேலாது."

தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்த இளம்பெண் ஒருத்தி, பெட்டிகள் பிடிபட்ட செய்தி கேட்டதும் தானாகவே அக்காவைத் தொலைபேசியில் அழைத்து அழுதுகொண்டே சொன்ன விஷயம் அது. இதைக்கூட அக்கா வழக்கறிஞரிடம் சொல்லவில்லை. திரை அணைந்தபிறகு என்னிடம் சொன்னார், அதுவும் பெயர் சொல்லாமல்.

"அந்தப் பிள்ளையைக் கேட்டிட்டுச் சொல்லுறன்."

கேட்டார். அந்தப் பெண் வேண்டாம் என்றாள். அவளுடைய குடும்பமே அந்தத் தொழிற்சாலையை ஒட்டிய ஊரில் இருந்தது. அக்கா இதை என்னிடம் ஒரு வரியில் தெரிவித்துவிட்டு, வேறு வழி என்ன இருக்கிறது என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. வாடிக்கையாளரிடம் காட்டக்கூடாத கோபம். "அக்கா, உங்ககிட்ட வேலை பாக்கற ரெண்டு பேரை நினைச்சுப் பாருங்க. இந்த சீசன் போச்சுன்னா கம்பெனியை மூடணும். ஒரு பேரு. ஒரே ஒரு பேரைச் சொன்னா போதும்."

கிட்டங்கியில் நின்றுகொண்டிருந்தோம். வெற்று அடுக்குகள். அந்த இரண்டு பெண்களும் அந்தப் பக்கம் ஏதோ ஒட்டுவது போல நின்று எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார்.

"நான் பள்ளிக்கூடம் போற வயசிலை, எங்கடை றோட்டிலை ஆமிக்காரர் ஆம்பிளையளை வரிசையா விட்டு நடத்துவினம். ஜீப்புக்குள்ளை முகத்துக்குச் சாக்குப் போட்ட ஒருத்தன் இருப்பான். அவன் தலையாட்டினால் அந்த ஆளை இறக்கிக்கொண்டு போவினம். என்ரை பெரிய தமையனுக்கும் ஆட்டினவன். அந்தச் சாக்குக்குள்ளை இருந்தவனும் பாவம்தான். அவனையும் ஆரோ இப்பிடித்தான் கேட்டிருப்பினம், ஒரு பேர் சொன்னால் போதும் எண்டு."

அதுதான் அவருடைய குணத்துக்குக் காரணம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அதே ஊரில் அதே சாக்கைப் பார்த்த பலர் வேறு விதமாக ஆகியிருக்கிறார்கள். அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி மறுநாள் எனக்கு அழைத்து, "அவ மாறமாட்டா, தங்கச்சி. நீங்கள் வேறை வழி பாருங்கோ," என்றாள். குறையாகச் சொன்னாளா பெருமையாகச் சொன்னாளா என்று குரலில் தெரியவில்லை.

வேறு வழியைப் பெய்ஜிங் வழக்கறிஞர்தான் கண்டுபிடித்தார். பெயரை விடுங்கள், படத்தைப் பாருங்கள் என்றார். சீனாவில் பதிவாகியிருந்த குருவிக்கும் ஒரே கால். சிறகில் இருக்கும் மூன்று கோடுகளில் நடுக்கோடு கொஞ்சம் வெளியே நீண்டிருந்தது, அதுவும் அப்படியே. யாரும் தனியாக உட்கார்ந்து இதை வரைந்திருக்க முடியாது. அந்தப் படத்தின் பதிப்புரிமை அதற்கு முன்பே வேறொருவரிடம் இருந்தது என்று காட்டிவிட்டால் பதிவு நிற்காது. யார் வரைந்தது?

"என்ரை மனிசன்," என்றார் அக்கா. பிறகு திருத்தினார். "மனிசனா இருந்தவர்."

அவர்கள் பிரிந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. மகளுடைய விஷயங்களுக்குக்கூட மகள் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்களாம். வரைந்தவர் அவர் என்றால், வரைந்ததையும் உரிமையை அக்காவின் நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுப்பதையும் அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் மேலாளர் தாடையைத் தடவினார். நிறுவனத்துக்காக வரையப்பட்டது என்று பொதுவாக எழுதிவிட்டால் போதாதா, வரைந்த நேரத்தில் அவர்கள் கணவன் மனைவிதானே, யார் தோண்டப் போகிறார்கள் என்றார். அக்கா அவரிடம் நோர்வேஜியனில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: நான் வரையவில்லை.

ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. ஒவ்வொரு தடவை நான் அழைக்கும்போதும் "கேக்கிறன்" என்றார். அந்த 'கேக்கிறன்' முன்பு சொன்னது போல இல்லை. முன்பு யாரைக் கேட்பதென்றாலும் அன்றே கேட்டுவிடுவார். இந்த ஒருவரைக் கேட்கத்தான் அவரால் முடியவில்லை. சுங்கம் பெட்டிகளைப் பறிமுதல் செய்ய முடிவெடுத்த செய்தி அந்த நாள்களில்தான் வந்தது. கடைகளுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்த கையுறை இனி இல்லை. செய்தியைச் சொன்னபோது, "சரி," என்று மட்டும் சொன்னார். அன்று மாலை எனக்கு மறுபடி அழைத்தார்.

"கேட்டிட்டன். வரச்சொல்லுறார். நீங்களும் வரலாமோ எண்டும் கேட்டனான். ஓமாம்."

அந்த முன்னாள் கணவர் ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் அடுக்குமாடி ஒன்றின் நான்காவது மாடியில் இருந்தார். அக்கா காரை நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். முன் கண்ணாடியில் ஈரப்பனி விழுந்து கரைந்துகொண்டிருந்தது. நான் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவர் இறங்குவாரா திருப்பிக்கொண்டு போய்விடுவாரா என்று தெரியாமல் காத்திருந்தேன். சாட்சியம் கொடுக்க இன்னும் சில நாள்களே இருந்தன. அதற்குள் கையெழுத்தும், நோட்டரி முத்திரையும், அதன்மேல் வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் சான்றும் வேண்டும். சீனா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை என்பது மட்டும்தான் எங்களுக்கு ஒரே ஆறுதல்.

கதவைத் திறந்தவர் உயரமான மனிதர். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை "வாங்கோ பிள்ளை" என்றார். அக்காவைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் வழி விட்டார். தேநீர் போட்டுவைத்திருந்தார், மூன்று கோப்பை. அக்காவின் கோப்பையில் மட்டும் சீனி போடவில்லை என்பதைக் கவனித்தேன்.

நான் விஷயத்தை விளக்கினேன். அவர் பதிவாகியிருந்த படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மேசையில் போட்டார்.

"இதுக்கு ஏன் இஞ்சை வந்தனீங்கள்? தான் கீறினதெண்டு இவ எழுதிக் குடுத்தால் முடிஞ்சுது. சீனாக்காரன் வந்து என்னை விசாரிக்கப் போறானே?"

"நான் கீறேல்லை," என்றார் அக்கா. "நீங்கள் கீறினது."

"நான்தான் சொல்லுறனே, நீயே வைச்சுக்கொள் எண்டு. எனக்கு வேண்டாம்."

"வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு எழுதித் தாங்கோ. கீறினது நீங்கள் எண்டும் எழுதுங்கோ."

அவர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உங்களுக்குத் தெரியுமோ, நான் இந்த ஊரிலை பஸ் ஓடினனான். நல்ல வேலை. ஒரு நாள் இவவையும் ஏத்திக்கொண்டு எங்கடை காரிலை வாறன். சந்தியிலை ஒரு சைக்கிள்காரன். நான் காணேல்லை. அவன்ரை கை முறிஞ்சுபோச்சு. பொலிஸ் வந்து ஆர் ஓடினதெண்டு கேக்குது. நான் இவவுக்கு மெல்லமாச் சொன்னனான், நீ ஓடினதெண்டு சொல்லு எண்டு. இவவின்ரை லைசன்ஸ் போனால் வீட்டுக்கு ஒண்டும் வராது. என்ரை போனால் வேலை போயிடும். அந்தளவுதான் கேட்டனான்."

அவர் நிறுத்தினார். அக்கா கைகளை மடியில் வைத்தபடி, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ பொலிசுக்கு என்னைக் காட்டினவ. என்ரை முகத்துக்கு நேரை. அதுக்குப்பிறகு ஒரு வருசம் நான் வீட்டிலை இருந்தனான். சனம் எல்லாம் கேட்டுது, பெண்சாதிதானே சொல்லிக்குடுத்தவ எண்டு." அக்கா பக்கம் திரும்பினார். "இப்ப உன்ரை கொம்பனி போகப்போகுது. உன்ரை வேலையாக்கள் போகப்போகினம். அண்டைக்கு எனக்காக ஒரு பொய் சொல்லேல்லை. இண்டைக்கு உனக்காகவும் சொல்லமாட்டியோ?"

நான் அக்காவைப் பார்க்கப் பயந்தேன். அக்கா தலையை நிமிர்த்தி, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"இல்லை."

"அண்டைக்கு நீங்கள் பட்டது எனக்குத் தெரியும். அதுக்கு நான் ஒவ்வொரு நாளும் கவலைப்பட்டனான். ஆனால் திரும்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்," என்றார்.

அந்த மனிதர் எழுந்து பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை. குளிர் உள்ளே வந்தது. அவர் முதுகு மட்டும் தெரிந்தது. காரியம் கெட்டது என்று நான் கோப்பை மூடத் தொடங்கினேன். அக்கா என் கையைத் தொட்டு நிறுத்தினார். போகலாம் என்றும் சொல்லவில்லை, இருக்கலாம் என்றும் சொல்லவில்லை. கையை எடுக்கவுமில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவர் உள்ளே வந்தார். மீசையில் பனி ஈரம். நாற்காலியில் உட்கார்ந்து படத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"என்ன எழுதவேணும்?"

எப்போது வரைந்தது, எங்கே, எதைக் கொண்டு, ஏன் அப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சமையலறை மேசையில், மகளுடைய நிறப்பேனாவால், அக்கா இரவு வேலைக்குப் போயிருந்த நாளில். மறுநாள் காலையில் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பிய மின்னஞ்சல் இன்னும் அவருடைய கணினியில் இருந்தது.

"ஒரு கால் மட்டும் ஏன்? வரையும்போது யாரோ கூப்பிட்டாங்க, பாதியில விட்டுட்டீங்கன்னு அக்கா சொன்னாங்க," என்றேன்.

அவர் அக்காவை வியப்பாகப் பார்த்தார். "அப்பிடியே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறாய்?"

"அப்பிடித்தானே நீங்கள் சொன்னனீங்கள்."

"பகிடிக்குச் சொன்னனான். அது விட்டுப்போன கால் இல்லை. பறக்க வெளிக்கிடப்போற குருவி. மற்றக் காலை எடுத்திட்டுது. வடிவாப் பார்." படத்தை அக்கா பக்கம் தள்ளினார். "உடம்பு முன்னுக்குச் சரிஞ்சு நிக்குது, தெரியேல்லையே?"

அக்கா படத்தைப் பார்த்தார். இத்தனை வருடம் ஆயிரக்கணக்கான கையுறைகளில் தைத்த படத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பது போல இருந்தது அவர் முகம். பிறகு என்னிடம், "அதையும் எழுதுங்கோ," என்றார். "நான் சொன்னது பிழை எண்டும் எழுதுங்கோ."

அதைச் சாட்சியத்தில் எழுத வேண்டிய அவசியமில்லை. இருந்தாலும், படம் வரைந்தவரின் எண்ணம் இது என்று தெளிவாகச் சொன்ன அந்தப் பத்திதான் பின்னால் எங்களுக்கு நல்ல பலமாக இருந்தது என்று பெய்ஜிங் வழக்கறிஞர் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். வாசல்வரை வந்தார். அக்கா சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவரைப் பார்க்காமல், "றோட்டு வழுக்கும். பாத்து ஓடு," என்றார்.

எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு காத்திருப்பு. அந்தக் குளிர்காலம் அக்கா சரக்குக் கொடுக்கும் கடைகளில் 'சிட்டு' இல்லை. அவர் வேறு நாட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையைப் பிடித்து, பெயரும் குருவியும் இல்லாத வெறும் கையுறையாகக் கொஞ்சம் தைப்பித்து, பழைய காப்பகங்களுக்கு நேரே கொண்டுபோய்க் கொடுத்துக் காலத்தை ஓட்டினார். அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி வேலையை விட்டுப் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அக்கா தன் சம்பளத்தை நிறுத்திக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல், தானாகப் போனாள். போகும்போது அழுதாள் என்று மற்றவள் சொன்னாள். அக்காவின் பிடிவாதத்துக்கு மற்றவர்களும் விலை கொடுத்தார்கள். அதை நான் மறைக்க விரும்பவில்லை. அவருக்கும் அது தெரிந்தேயிருந்தது. ஒரு நாள் ஒஸ்லோவின் குறொன்லாண்டில் ஒரு காய்கறிக் கடையில் எதிரே என்னைக் கண்டபோதுகூட வழக்குப் பற்றி ஒன்றும் கேட்காமல் வெண்டிக்காயைப் பொறுக்கிக்கொண்டே நின்றார்.

தீர்ப்பு ஒரு வருடத்துக்குப் பிறகு வந்தது. அந்தப் படத்தின் உரிமை முன்பே இருந்தது, பதிந்தவர் அதைக் காணாமல் வரைந்திருக்க வாய்ப்பில்லை, பதிவு செல்லாது. படத்தோடு சேர்த்தே பெயரையும் அந்த ஆள் ஒரே பதிவாகப் போட்டிருந்ததால் இரண்டும் போயின. நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். தொலைபேசியின் அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சுக் கேட்டது.

"முதலிலை அவருக்குச் சொல்லவேணும்," என்றார். "நான் பிறகு எடுக்கிறன்."

சீனாவில் இனி நாமே பதிய வேண்டும். பெய்ஜிங் வழக்கறிஞர் நீளமான ஒரு ஆலோசனை அனுப்பினார். கையுறைக்கு மட்டும் பதிந்தால் போதாது. தொப்பி, காலணி, தள்ளுவண்டி, விளையாட்டுப் பொருள், எல்லா வகுப்பிலும் பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருவர் வருவார். பயன்படுத்தாத பதிவுகள் மீது அங்கே இப்போது கண்டிப்பு கூடியிருக்கிறது, மூன்று வருடம் சும்மா வைத்திருந்தால் யாரும் ரத்து கேட்கலாம். ஆனால் அந்த மூன்று வருடமாவது வேலி இருக்கும் என்றார். என் மேலாளரும் அதையே சொன்னார். நானும் சொன்னேன். ஒருமுறை சூடுபட்டவர், இதை மட்டும் கேட்பார் என்று நினைத்தேன்.

"நான் தள்ளுவண்டில் செய்யிறேல்லையே," என்றார்.

"செய்ய வேண்டாம் அக்கா. பேரைப் பிடிச்சு வெச்சுக்கறதுதான்."

"அதைத்தானே தங்கச்சி அந்த ஆளும் செய்தவர்."

கையுறைக்கு மட்டும் பதிந்தோம். தொப்பி ஒன்று செய்ய நினைத்திருக்கிறேன் என்று சொல்லி அதையும் சேர்க்கச் சொன்னார். அந்தத் தொப்பியின் வரைபடத்தை மகள் வரைந்தாளாம். அவளிடமிருந்து முதலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

நான் அந்த அலுவலகத்தை விட்டு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, சீனாவில் வெளியாகும் புதிய விண்ணப்பங்களைக் கண்காணிக்கும் எங்கள் சேவையில் ஒரு அறிவிப்பு வந்தது. 'சிட்டு' என்ற பெயருக்கு, அதே ஆங்கில எழுத்துகளில், விளையாட்டுப் பொருள் வகுப்பில் ஒரு விண்ணப்பம். எதிர்ப்பு மனுவுக்கான முதல் வரியை எழுதிவைத்துக்கொண்டே அக்காவை அழைத்தேன். பின்னணியில் பிள்ளைகளின் இரைச்சல். ஏதோ ஒரு காப்பகத்தில் தொப்பிக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்.

"எங்கடை குருவியோ?"

"இல்லை. வெறும் பேருதான். அவங்க மொழியில அதுக்கு வேற ஏதோ அர்த்தம் இருக்கு போல. ஆனா எதிர்க்கலாம் அக்கா. இப்பவே எதிர்க்கணும். போன தடவை மாதிரி விடக்கூடாது."

"அவை உண்மையா விளையாட்டுச் சாமான் செய்யினமோ?"

நான் அதைப் பார்த்திருக்கவில்லை. திரையில் தேடினேன். சின்ன நிறுவனம். மரத்தில் சக்கரம் வைத்த வாத்துகள், அடுக்குக் கட்டைகள். கடைகளில் கிடைத்தன, வாங்கியவர்கள் படம் போட்டிருந்தார்கள்.

"செய்யறாங்க," என்றேன்.

"அப்ப விடுங்கோ தங்கச்சி," என்றார். "அது அவையின்ரை."